காலும் தாளமும்: மாணவர் இசை நாடகத்துக்கு ஒத்திகை பழகும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் குருவிட்டப் பகுதியில், தோட்டப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையில் நாம் ஓர் இசை நாடகம் மேடையேற்றினோம். எல்லோருக்கும் தெரிந்த காமன் கதைதான். பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் போட்டு, அதற்கேற்பப் பிள்ளைகளை ஆடப் பழக்கியிருந்தோம். ஒத்திகைகளில் எல்லாம் சரியாகவே நடந்தன. மேடையேறிய அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த மழையின் இரைச்சலில் பாட்டு எவருக்கும் கேட்கவில்லை. மதன் அம்பை எடுக்கு முன்பே சிவன் கண்ணைத் திறந்துவிட்டார். ரதி தனியே நின்று புலம்பவேண்டிய இடத்தில் தேவர்கள் நால்வர் ஆடிக்கொண்டே உள்ளே வந்தார்கள். சபையோர் சிரித்தார்கள். ரதியாக நடித்த பிள்ளை திரைக்குப் பின்னால் போய் உண்மையாகவே அழுதாள். அடுத்த ஆண்டு மீண்டும் நடிக்கக் கேட்டபோது, "வேணாங்க டீச்சர், எல்லாரும் சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டாள்.

தவறு அவளுடையதல்ல. மழை மிகுந்த இரத்தினபுரி மாவட்டத்தில் மழையைக் குறைசொல்வதிலும் நியாயமில்லை. தவறு எம்முடையது. பிள்ளைகளுக்கு நாம் பாட்டையும் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் காலத்தைத் தம் உடம்பிலே வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கவில்லை. காலம் ஒலிபெருக்கிக்குள் இருந்தது. அது கேட்காமற் போனதும் பிள்ளைகள் வழிதெரியாமல் நின்றார்கள்.

இந்தத் தோல்வியை வைத்துக்கொண்டு நாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். அதிலே கற்றவற்றை, தத்தம் ஊர்ப் பாடசாலையிலோ வாலிபர் சங்கத்திலோ மாலை வகுப்பிலோ இசை நாடகம் பழக்க விரும்பும் ஆசிரியர்களும் இளைஞர்களும் பயன்படுத்தும் வகையில் இங்கே பாடமாகத் தருகிறோம். இதற்குப் பணம் தேவையில்லை. கயிறு, சாம்பல், ஒரு கல், ஒரு கொப்பி, பொறுமை ஆகியவை போதும்.

பழையவர்கள் பழகிய வழி

நாடகம் பழக்குவது எமக்குப் புதிதல்ல. மலையகத் தோட்டங்களில் மாசி மாத வளர்பிறையிலே காமன் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுவது வழக்கம். மதனும் ரதியும் தப்பு முழங்க லயன் லயனாகச் சென்று ஆடுவார்கள். தேவர்களின் சொற்கேட்டுச் சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்புவதும், அவள் கண்ணுக்கு மாத்திரம் தெரியும்படி மதன் உயிர்பெறுவதும் கதை. ரதி வேடத்தை ஆண்களே ஏற்று வந்தார்கள். எந்த அடிக்கு எந்தக் கால் என்பதைப் பிள்ளைகள் ஆண்டாண்டாகப் பார்த்தே பழகினார்கள்.

மட்டக்களப்பிலே கூத்துப் பழகுவதற்குத் திட்டமான படிகள் உண்டு. முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டு எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார்கள். பிறகு அண்ணாவியார் மத்தளத்தோடு நின்று தாளக்கட்டும் ஆட்டமும் பழக்குவார். ஓரளவு பழகிய பின்பே சதங்கை அணிவிப்பார்கள். அதன்பின் அடுக்குப் பார்த்து, கடைசியில் அரங்கேற்றம். சதங்கை ஏன் பிந்திவருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பிழையான காலில் சதங்கை கட்டினால் பிழை ஊர் முழுவதும் கேட்கும்!

மாணவர்களைக் கொண்டு இவ்வடிவங்களை மேடைக்குக் கொண்டுவந்த வரலாறும் எமது நாட்டில் உண்டு. 1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு அடிப்படையான நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது. பின்னர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைத் தமிழ் மாணவர்களை மட்டக்களப்பு மரபிலே பழக்கி, 1962 இல் 'கர்ணன் போர்', அதன்பின் 'இராவணேசன்', 'வாலி வதை' முதலியவற்றை அளித்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமும் பேராசிரியராகிப் பல தலைமுறை மாணவர்களுக்கு அதே கூத்தைப் பழக்கினார்.

விடிய விடிய ஆடிய கூத்து அங்கே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. நாலு பக்கமும் ஆட்கள் இருந்து பார்த்த வட்டக்களரி ஆட்டம், முன்பக்கம் மாத்திரம் திறந்த மேடைக்கு வந்தது. ஆகவே ஒவ்வொரு வரவையும், ஒவ்வொரு திருப்பத்தையும் புதிதாக அளந்து எண்ணவேண்டியிருந்தது. நாமும் ஓர் இரவுக் கதையை 25 நிமிடத்துக்குள் பாடசாலை மேடையில் அடக்க முயல்கிறோம். ஆகவே எமது பாடமும் அளப்பதிலும் எண்ணுவதிலும்தான் தொடங்குகிறது.

முதலாம் படி: களத்தை அளத்தல்

ஆடப்போகும் மேடையை முதலில் அளந்துகொள்ளுங்கள். எமது மேடை 24 அடி அகலம், 14 அடி ஆழம். ஆனால் அது மண்டபத்துக்குள் இருந்ததால் ஒத்திகைக்குத் தினமும் கிடைக்கவில்லை. எனவே பெரட்டுக்களத்தில், வேலை முடிந்த நேரத்தில், அதே அளவில் சாம்பலால் ஒரு செவ்வகம் போட்டுக்கொண்டோம். ஆறு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை வைத்திருந்தால் எங்கு போனாலும் ஐந்து நிமிடத்தில் மேடை ஆயத்தமாகிவிடும். பெரிய இடத்தில் பழகிய பிள்ளைகள் சிறிய மேடையில் முட்டிக்கொள்வார்கள். சிறிய வகுப்பறையில் பழகியவர்கள் பெரிய மேடையில் நேரத்துக்குப் போய்ச்சேர மாட்டார்கள்.

அடுத்து, வலம் இடம் என்று சொல்வதை விட்டுவிடுங்கள். ஆடுபவரின் வலப்பக்கம் பார்ப்பவருக்கு இடப்பக்கம். இதனாலேயே முதல் வாரம் முழுவதும் குழப்பம் வரும். எமது பிள்ளைகள் ஒரு பக்கத்துக்குக் "கோயில் பக்கம்" என்றும், மற்றப் பக்கத்துக்கு "ஆத்துப் பக்கம்" என்றும் பெயர் வைத்தார்கள். மண்டபத்துக்குப் போனபோதும் அந்தப் பெயர்களையே வைத்துக்கொண்டோம். "ரதி ஆத்துப் பக்கத்தால வா" என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தடுமாறாது.

இரண்டாம் படி: எண்ணிக்கையைக் காலில் வைத்தல்

பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளையும் நடக்கவிடுங்கள். கைதட்டி எட்டு எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அடி. எட்டு எண்ணிக்கை ஒரு சுற்று.

வேகத்தை எப்படி நிலையாக வைத்திருப்பது? இதற்கென விற்கும் கருவியை வாங்கத் தேவையில்லை. ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 56 சென்ரிமீற்றர், அதாவது 22 அங்குலம் இருக்கட்டும். கல்லை மெதுவாக ஆட்டிவிட்டால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முக்கால் செக்கன் எடுக்கும். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை. நூலைக் குறுக்கினால் வேகம் கூடும், நீட்டினால் குறையும். கல் பாரமோ இலேசோ என்பது வேகத்தை மாற்றாது. எமது பிள்ளைகள் இதற்கு "கல்லு வாத்தியார்" என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞான பாடத்தில் படித்த ஊசல் நாடகத்துக்கு வந்துவிட்டது என்று ஒரு மாணவி சொன்னாள்.

இனிக் கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளையின் ஆட்ட நடை ஓர் அடிக்கு ஒன்றரை அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 24 அடி மேடையைக் கடக்க 16 காலடி வேண்டும். அதாவது 16 எண்ணிக்கை, இரண்டு சுற்று, 12 செக்கன். ஆகவே மதன் தனியே மேடையைக் கடந்து வருவதற்கு இரண்டு சுற்றுப் பாட்டு வேண்டும். ஒரு சுற்றுத்தான் இருக்கிறது என்றால் அவன் பாதி மேடையில் நிற்பான், அல்லது ஓடுவான். மன்மதன் ஓடினால் நன்றாக இருக்காது.

எட்டுப் பேர் வரிசையாக வருவதானால் என்ன செய்வது? ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் இரண்டு காலடி இடைவெளி விடுங்கள். முதலாமவர் தொடங்கி இரண்டு எண்ணிக்கையில் இரண்டாமவர் புறப்படுவார். எட்டாமவர் 14 எண்ணிக்கை கழிந்து புறப்பட்டு இரண்டு காலடி வைக்கும்போது, முதலாமவர் 16 காலடி வைத்து மறுகரையில் நிற்பார். இரண்டு சுற்றில் மேடை நிறைந்துவிடும். இவர்கள் நிற்காமல் மறுபக்கத்தால் வெளியேற வேண்டுமானால், கடைசி ஆளுக்கு இன்னும் 14 காலடி தேவை. அப்போது மொத்தம் 30. எனவே நான்கு சுற்றுப் பாட்டு வைத்தால் இரண்டு எண்ணிக்கை மிச்சமாக எல்லோரும் போய்விடுவார்கள். எமது முதல் நாடகத்தில் தேவர்கள் ஒரு சுற்றோடு வெளியேற வேண்டுமென்று எழுதியிருந்தோம். பிள்ளைகள் எவ்வளவு முயன்றாலும் அது நடந்திருக்காது. கணக்குப் பார்க்காதவர்கள் நாமே.

மூன்றாம் படி: வாயும் காலும்

பாடிக்கொண்டே ஆடுவது கடினமான வேலை. இரண்டையும் ஒரே நாளில் பழக்கினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், பாட்டு அறுந்துபோகும். பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுங்கள். முதலில் பாட்டின் சொற்களை இருந்தபடி சொல்லவேண்டும். பிறகு இருந்தபடி பாடவேண்டும். பிறகு நின்று, எண்ணிக்கைக்குக் கால் மாற்றிக்கொண்டு பாடவேண்டும். பிறகு நடந்து பாடவேண்டும். கடைசியிலேயே ஆட்டம். ஒரு படியில் சொல் தடுமாறினால் முந்திய படிக்குத் திரும்புங்கள். இதில் வெட்கமில்லை.

இந்த இடத்திலும் பழைய கூத்து எமக்கு உதவுகிறது. கூத்தன் ஓர் அடியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவன் ஆடுவான். பாடும்போது ஆட்டம் குறைவு. ஆடும்போது பாட்டு மற்றவரிடம். ஆளுக்கு மூச்சு எடுக்க இடம் வைத்துத்தான் அந்த ஒழுங்கு அமைந்திருக்கிறது. நாமும் அவ்வாறே ரதியின் பாட்டுக்கு ஆறு பிள்ளைகளைப் பிற்பாட்டுக்கு வைத்தோம். மேடையில் நிற்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கும் இதனால் ஒரு பங்கு கிடைத்தது. இரண்டாம் வாரத்தில், முன்பு "வேணாங்க" என்று சொன்ன பிள்ளை வந்து பிற்பாட்டுக் கூட்டத்தின் கரையில் உட்கார்ந்தாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் படி: காதை மட்டும் நம்பாதிருத்தல்

"பாட்டு முடிந்ததும் வா" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வது போதாது. மழை பெய்தால் பாட்டு முடிந்ததா என்று அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு வரவுக்கும் இரண்டு குறிப்பு இருக்கவேண்டும். ஒன்று காதுக்கு, மற்றது கண்ணுக்கு. உதாரணமாக, ரதி தடுத்துப் பாடி முடித்து மதனுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறாள். அந்தத் திருப்பமே மதனுக்குப் புறப்படும் குறிப்பு. சிவனுக்குக் குறிப்பு மதனின் வலக்கை காதளவு உயர்வது. பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும் கை உயராமல் கண் திறக்கக்கூடாது.

இதைப் பழக்க ஒரு பயிற்சி உண்டு. முழு நாடகத்தையும் வாய்திறக்காமல், தாளமும் இல்லாமல் ஒருமுறை ஆடவிடுங்கள். எல்லோரும் மனதுக்குள் எண்ணவேண்டும். முதல் முறை எமது பிள்ளைகள் இரண்டாம் காட்சிக்கு மேல் போகவில்லை. நாலாம் முறை கடைசிவரை போனார்கள். அடுத்தநாள் மற்ற மாணவர்களைக் கூட்டிவந்து, பழைய பிஸ்கட் தகரங்களில் அடித்துச் சத்தம் போடச் சொல்லி, அந்த "மழை"க்குள் நாடகத்தை நடத்தினோம். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரும் வரவு தவறவில்லை.

ஐந்தாம் படி: நிற்கப் பழகுதல்

ஆடப் பழக்குவதிலும் பார்க்க நிற்கப் பழக்குவது கடினம். மதன் எரியும் இடத்தில் நாம் ஒரு முழுச் சுற்று, அதாவது எட்டு எண்ணிக்கை, ஆறு செக்கன், ஓசையும் அசைவும் இல்லாமல் வைத்தோம். சொல்லும்போது ஆறு செக்கன் சிறிது. மேடையில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிய காலம். மூன்றாம் எண்ணிலேயே யாராவது மூக்கைச் சொறிவார்கள். எட்டும் முடியுமட்டும் பார்வையை ஓர் இடத்தில் நிறுத்தும்படி பழக்குங்கள். அந்த நிசப்தம் சரியாக அமைந்தால், அதன்பின் எழும் ரதியின் புலம்பல் தானாகவே சபையைப் பிடித்துக்கொள்ளும்.

தப்பை யார் அடிப்பது?

இதுவரை சொன்னவை எல்லாம் நுட்பம். இனிச் சொல்லப்போவது அதைவிடச் சங்கடமான விடயம்.

பதிவுசெய்த பாட்டு ஆடுபவரைப் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை சறுக்கினால் அது நின்று காத்திருக்காது. தப்பு அடிப்பவர் காலைப் பார்த்து அடிப்பார். ஆடுபவர் பிந்தினால் ஒரு சுற்றைத் திருப்பி அடித்துப் பிடித்துக்கொள்வார். மழை இரைச்சலையும் தாண்டித் தப்பு கேட்கும். ஆகவே தப்பு வேண்டுமென்று முடிவுசெய்தோம். அந்தத் தோட்டத்தில் நன்றாகத் தப்பு அடிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய பேரன் எமது குழுவில் பத்தாம் வகுப்பு மாணவன். மேசையில் விரலால் அவன் போடும் தாளத்தைக் கேட்டவர்களுக்கு, அவன் கையில் அந்த வித்தை இருப்பது தெரியும். "தம்பி, நீ அடிக்கிறியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது சேர்" என்றான். மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை.

நாம் வீட்டுக்குப் போனோம். இறப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்திருந்த தாயார் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சேர். எங்க மாமனார் காலமெல்லாம் சாவுக்கும் சாமிக்கும் கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போயி அடிச்சாரு. அடிச்சு முடிஞ்சதும் வெளிய நிக்க வச்சுத்தான் சோறு போட்டாங்க. எம் புள்ள படிக்கட்டும்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். அங்கயும் அதையே குடுக்காதீங்க."

எமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும், சாமி ஊர்வலத்துக்கும், கலியாணத்துக்கும், சாவுக்கும், காமனுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி வைத்து, தோட்டத்தின் நேரத்தையே தன் கையில் வைத்திருந்த வாத்தியம் அது. அதை அடித்தவர்களைச் சாதியின் பெயரால் சமூகம் தள்ளியே வைத்திருந்தது. "கலை உயர்ந்தது, வெட்கப்படாதே" என்று அந்தச் சிறுவனுக்குப் புத்தி சொல்வது எளிது. வெட்கப்படவேண்டியவர்கள் வேறு ஆட்கள் அல்லவா?

அன்று மாலை நாம் கூடிப் பேசி மூன்று தீர்மானங்கள் எடுத்தோம். முதலாவது, அந்த மாணவனைத் தப்பு அடிக்கும்படி இனிக் கேட்பதில்லை. இரண்டாவது, குழுவிலுள்ள பதினான்கு பேரும், பழக்குகின்ற நாமும், எல்லோருமே தப்புப் பழகுவது. மூன்றாவது, முதியவரை அண்ணாவியாராக அழைத்து, அதற்குரிய மரியாதையோடு வைத்திருப்பது. தாயாரிடம் போய் இதைச் சொன்னோம். "அவர் வர்றது அவர் இஷ்டம்" என்றார்.

முதியவர் வந்தார். அதிபர் எழுந்து நின்று தமது கதிரையைக் கொடுத்தார். முதல் நாள் அவர் அடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பைக் காயவைக்கவே சொல்லிக்கொடுத்தார். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஓசை அமுங்கிவிடும். சிறு நெருப்பு மூட்டி, தோலைத் தூரப் பிடித்துச் சுழற்றி, விரலால் தட்டித் தட்டிப் பார்க்கவேண்டும். "அவசரப்பட்டா தோலு வெடிச்சிரும், பயந்தா சத்தம் வராது" என்றார். அதன்பின் இடக்கைக்கு நீண்ட மெல்லிய குச்சி, வலக்கைக்குக் குட்டையான தடித்த குச்சி. பதினான்கு பேரும் வரிசையாக நின்று அடித்தார்கள். நாமும் அடித்தோம், எமது அடிதான் மிக மோசம் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். "எங்க பிள்ள அத தொடக் கூடாது" என்று இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நாம் இரண்டு வீட்டுக்கும் போய்ப் பேசினோம். ஒரு பிள்ளை திரும்பி வந்தாள். மற்றவன் வரவில்லை. அவனுடைய பங்கை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். தப்பை விட்டுவிட்டால் இருவரும் வருவார்கள் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் அண்ணாவியாரை மறுபடியும் வெளியே நிற்கவைத்தவர்களாக நாமே ஆகியிருப்போம்.

மூன்றாம் வாரத்தில் பேரன் வந்தான். நந்தியாக ஆட விரும்புவதாகச் சொன்னான். ஆடினான். தப்பு அடிக்க ஒரு மாணவியும் ஒரு மாணவனும் தெரிவானார்கள். ஒருநாள் அந்த மாணவி ரதி புலம்பலின் அடியை விரைவாக அடித்துக்கொண்டிருந்தபோது, நந்தி வேடத்திலிருந்த அவன், "அப்படி இல்ல, ரெண்டாவது அடிய இழுத்து விடு" என்று தன் தொடையில் தட்டிக் காட்டினான். பாட்டனார் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நேரத்தைக் கொப்பியில் எழுதுதல்

நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்றால் 25 நிமிட நாடகம் 2,000 எண்ணிக்கை. சபையைக் கண்டதும் பிள்ளைகள் பரபரப்பில் வேகம் கூட்டுவது இயல்பு. 80 இருக்கவேண்டிய இடத்தில் 90 ஆனால் அதே 2,000 எண்ணிக்கை 22 நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறக்குறைய மூன்று நிமிடம் குறைந்துபோகும். குறைந்தது நேரம் மாத்திரமல்ல, சொற்களும் விழுங்கப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு முழு ஒத்திகையிலும் ஒருவர் மணிக்கூடும் கொப்பியுமாக இருந்து, காட்சி காட்சியாக நேரத்தைக் குறிக்கவேண்டும்.

எமது முதலாவது முழு ஒத்திகை 31 நிமிடம் எடுத்தது. பாட்டைக் குறைக்கவேண்டும் என்று எண்ணினோம். கொப்பியைப் பார்த்தபோது பாட்டில் நேரம் போகவில்லை என்று தெரிந்தது. காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் ஒன்பது இடங்களில் மேடை ஏறக்குறைய 20 செக்கன் வெறுமையாக இருந்தது. ஒன்பது இருபது 180 செக்கன், மூன்று நிமிடம். போகிறவர்கள் கோயில் பக்கத்தால் போகும்போதே வருகிறவர்கள் ஆத்துப் பக்கத்தால் வரும்படி, தப்பை நிறுத்தாமல் மாற்றினோம். மிச்ச மூன்று நிமிடமும் பாத்திரங்கள் நடந்துபோய் இடம்பிடித்து நின்ற பிறகு பாடத் தொடங்கியதால் வந்தவை. நடந்துகொண்டே பாடத் தொடங்கியதும் அவையும் போயின. ஒரு பாட்டையும் வெட்டவில்லை.

ஆறு வார அட்டவணை

வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஆறு வாரத்தில் 18 ஒத்திகை, 27 மணித்தியாலம். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் சாப்பிட்ட பின் தொடங்கி, பெண்பிள்ளைகள் வெளிச்சத்தோடு வீடு சேரும்படி முடியுங்கள். பசியோடு நிற்கும் பிள்ளைக்குத் தாளம் ஏறாது.

முதல் வாரம்: களம் அளத்தல், எண்ணி நடத்தல். பாத்திரம் கொடுக்கவேண்டாம்.
இரண்டாம் வாரம்: பாத்திரம் கொடுத்தல், இருந்து பாடுதல், பிற்பாட்டு.
மூன்றாம் வாரம்: நடந்து பாடுதல், தனித்தனி ஆட்டம்.
நான்காம் வாரம்: வரவும் போக்கும், கண் குறிப்பு, காட்சிகளை இணைத்தல்.
ஐந்தாம் வாரம்: நேரம் குறித்து முழு ஒத்திகை. இப்போதே சதங்கையும் உடுப்பும்.
ஆறாம் வாரம்: இடைஞ்சல்களோடு ஒத்திகை. சத்தம், இருட்டு, ஓர் ஆள் வராமை. கடைசி நாள் ஓய்வு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. காமன் கூத்து தோட்ட மக்களுக்கு வெறும் கதையல்ல. நேர்த்தியும் விரதமும் சேர்ந்த வழிபாடு. அதனைப் பாடசாலை மேடைக்கு எடுப்பவர்கள் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லவேண்டும். கம்பம் ஊன்றுதல் போன்ற சடங்குகளை விட்டுவிட்டுக் கதையையும் ஆட்டத்தையும் மாத்திரம் எடுப்பதே மரியாதை. நாம் அவ்வாறே செய்தோம்.

முடிவாக

இரண்டாம் முறை மேடையேறிய நாளிலும் மழை பெய்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "பிஸ்கட் தகரம் வந்திருச்சு" என்று யாரோ சொன்னார்கள். நாடகம் 25 நிமிடமும் சில செக்கனும் நடந்தது. எட்டு எண்ணிக்கை நிசப்தத்தில் மழை மாத்திரம் கேட்டது. ரதியின் புலம்பலுக்குப் பிற்பாட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர்களில் கரையில் நின்றவள் யாரென்று வாசகர்களுக்குத் தெரியும்.

நந்தி தப்பைத் தொடவில்லை. அது அவனுடைய முடிவு. அதை நாம் மதிக்கிறோம். அவனுடைய தாயார் வந்திருந்தார். அண்ணாவியாருக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தது. நாடகம் முழுவதும் அவருடைய விரல் கதிரைக் கையில் எண்ணிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் தாயார் எம்மிடம் வந்து, "பொம்பளப் புள்ள நல்லாத்தான் அடிச்சா" என்று மாத்திரம் சொன்னார்.

சபரகமுவவில் எமது பிள்ளைகள் தோட்டம் தோட்டமாகச் சிதறி, சிறு தொகையாக வாழ்கிறார்கள். பலர் பொது இடத்தில் வாய்திறந்து தமிழில் பேசவே கூசுகிறார்கள். சேர்ந்து ஓர் எண்ணிக்கைக்குக் காலெடுத்து வைத்து, மற்றவர் தடுமாறினால் ஒரு சுற்றுக் காத்திருந்து பிடித்துக்கொள்ளப் பழகிய பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் குறைவதை நாம் கண்டோம். மேடை ஒருநாள்தான். 27 மணித்தியால ஒத்திகையே உண்மையான பாடம்.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. உங்கள் ஊரில் கூத்து, கும்மி, கோலாட்டம், தப்பு முதலியவற்றில் கைதேர்ந்த பெரியவர்கள் யார்? அவர்களைப் பாடசாலைக்கு அழைத்தால் எந்தக் கதிரையில் இருத்துவீர்கள்?
2. ஒரு கலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக, அதனால் அவமானம் அனுபவித்த குடும்பத்துப் பிள்ளையையே அதைச் சுமக்கச் சொல்வது நியாயமா? வேறு வழி என்ன?
3. உங்கள் மேடையை அளந்து பாருங்கள். பத்துப் பேர் இரண்டு காலடி இடைவெளியில் வந்து வெளியேற எத்தனை சுற்றுப் பாட்டு வேண்டும்?
4. ஒத்திகைக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பிள்ளை உங்கள் குழுவில் உண்டா? அவர் வீட்டுக்குப் போனீர்களா?